குழாய் வந்த பிறகே குடியிருப்பு
நீர்க்கரைக் கழிவுநீர் உரிமைக்கான கொள்கைப் பிரகடனம்

முகவுரை

வைப்பாறும் அர்ஜுனா நதியும் கூடும் இடத்தில், இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதிக்கு அருகே கூடியிருக்கும் நாங்கள் இன்று ஓர் இயக்கம் காண்கிறோம். கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் விதைப்பவர்கள், பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துபவர்கள், தீப்பெட்டி ஆலைக்குப் போய்வரும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், நகராட்சியிலும் ஊராட்சியிலும் தூய்மைப் பணி செய்பவர்கள், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு நீர்க்கரையில் ஒரு மனை வாங்கியவர்கள் என எல்லோரும் இதில் இருக்கிறோம்.

நாங்கள் சொல்வது இதுதான். கண்மாய்க் கரையிலோ அணைக்கரையிலோ ஆற்றங்கரையிலோ புதிதாகக் குடியிருப்பு வருமானால், அருகிலுள்ள நகரத்தின் பாதாளச் சாக்கடை அந்தக் குடியிருப்புக்கு முதலில் வரவேண்டும். வீடு பிறகு வரட்டும். அந்தக் குழாய் சுத்திகரிப்பு நிலையத்தில் போய் முடியவேண்டும். எங்கள் கண்மாயிலோ, கீழே இருப்பவர்களின் ஆற்றிலோ அது முடியக் கூடாது.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. குடிநீருக்கும் சாலைக்கும் மின்சாரத்துக்கும் எப்படி உரிமை கோருகிறோமோ அப்படியே கோருகிறோம்.

1. எங்கள் தண்ணீர் வரும் வழி

இருக்கன்குடிக்கு வரும் தண்ணீர் பல ஊர்களைத் தாண்டி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தொடங்கும் வைப்பாறு வெம்பக்கோட்டை அணையைக் கடந்து, சாத்தூர் நகரை ஒட்டி ஓடி இங்கே வருகிறது. அர்ஜுனா நதி ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளைக் கடந்து வருகிறது. விருதுநகரின் ஊடே ஓடும் கௌசிகா நதி, குல்லூர்சந்தை அணையைத் தாண்டி அர்ஜுனாவோடு சேர்கிறது. இத்தனையும் சேரும் இடத்தில்தான் இருக்கன்குடி அணை நிற்கிறது. இங்கிருந்து வைப்பாறு விளாத்திகுளம் பக்கமாகப் போய் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

மேலே இருக்கும் ஒவ்வோர் ஊரின் வாறுகாலும் ஏதோ ஓர் ஓடையில் விழுகிறது. அந்த ஓடை இந்த ஆறுகளில் ஒன்றில் விழுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். கோடையில் ஆற்றில் வேறு நீர் இல்லாதபோது, ஓடுவது முழுக்கச் சாக்கடையாகவே இருக்கும். கௌசிகா நதி எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. பாசனத்துக்கென்று கட்டிய குல்லூர்சந்தை அணையில் விருதுநகரின் கழிவுநீர் தேங்கி, ஆகாயத்தாமரை படர்ந்து கிடந்ததை இந்த மாவட்டமே பார்த்தது. ஓர் அணையைக் கட்டப் பல ஆண்டுகளும் பல கோடி ரூபாயும் பிடிக்கும். அதைக் கெடுக்க ஒரு நகரத்தின் வாறுகால்களே போதும்.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இலட்சக்கணக்கானோர் இங்கே வருகிறார்கள். பாதயாத்திரையாக வந்து, ஆற்றில் முழுகி, ஈரத்துணியோடு அக்னிச்சட்டி எடுக்கிறார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாள் நுழையாமல் காப்பதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே நோய் கண்டவரை வெளியே விடுவதும் நம் தாய்மார்கள் காத்த ஒழுங்கு. ஒரு வீட்டு நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அந்த அக்கறையை ஊர் அளவுக்கு, ஆற்றின் நீளத்துக்கு விரிப்பதே எங்கள் இயக்கத்தின் வேலை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு முழுகுகிற தண்ணீரில் இன்னோர் ஊரின் மலம் கலந்திருப்பதை இனி ஏற்க மாட்டோம்.

2. கரையில் முளைக்கும் மனைகள்

நீர்க்கரை நிலத்துக்கு இப்போது தனி மவுசு. காற்று வரும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்லி மனை விற்கிறார்கள். வாங்குபவர்கள் பெரிய செல்வந்தர்கள் அல்லர். ஆலை வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள், வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பியவர்கள், ஓய்வூதியத்தைக் கையில் வாங்கியவர்கள். அவர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களும் எங்கள் இயக்கத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் கேள்வி, அந்த மனைக்கு அனுமதி கொடுத்தவர்களிடமும் மனையைப் பிரித்து விற்றவர்களிடமும்தான். வரைபடத்தில் சாலை இருக்கிறது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் இருக்கிறது. மின்கம்பம் இருக்கிறது. இத்தனை வீட்டுக் கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு மட்டும் கோடு இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 200 மனைகள். வீட்டுக்கு 4 பேர் என்றால் 800 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டுத் திட்ட அளவு. அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும். ஆக, அந்த ஒரு குடியிருப்பிலிருந்து தினமும் 86,400 லிட்டர். கிராமத்துக்குச் சொல்லப்படும் 55 லிட்டர் அளவை எடுத்துக்கொண்டாலும் தினமும் 35,200 லிட்டர். இது தண்ணீராக வரும்போது குழாய் போட்டு, மீட்டர் வைத்து, கட்டணம் வாங்கி வரவு வைக்கிறோம். கழிவாக வெளியே போகும்போது அதற்குக் கணக்கெழுத யாரும் இல்லை. கணக்கில் வராத அந்த நீர் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. நீர்க்கரையில் பள்ளம் என்றால் கண்மாய்தான்.

சென்னையில் 1970-களுக்குப் பிறகு ஏரிகளையே வீட்டுமனையாக்கிய ஏரித் திட்டங்கள் வந்தன. முகப்பேர் அப்படி வந்த பகுதிகளில் ஒன்று. நகரத்துக்கு வீடு தேவைப்பட்டது, ஏரி கையில் இருந்தது, வீடு கட்டினார்கள். பெங்களூரில் பெல்லந்தூர் ஏரியைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகிய வேகத்துக்குக் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் ஈடுகொடுக்கவில்லை. அந்த ஏரியில் நுரை பொங்கித் தெருவில் பறந்தது. 2015-லும் 2017-லும் 2018-லும் தண்ணீரின் மேலேயே தீப்பிடித்தது. பெங்களூரிடம் பணம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள், உலகம் மெச்சும் நிறுவனங்கள் இருந்தன. வீடு முதலில் வந்து குழாய் பின்னால் வந்தால் இவை எதுவும் கைகொடுக்காது என்பதற்கு அந்த ஏரி சாட்சி.

3. கரிசல் மண்ணில் செப்டிக் டேங்க்

"வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் கட்டிக்கொண்டால் போதுமே" என்பார்கள். எங்கள் மண் என்ன மண் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செப்டிக் டேங்க் கசடைப் பிடித்து வைக்கும் தொட்டி. அதிலிருந்து வெளியேறும் நீரில் கிருமிகள் நிறையவே இருக்கும். அந்த நீர் உறிஞ்சுகுழி வழியே மண்ணில் மெல்ல இறங்கி வடிகட்டப்பட வேண்டும் என்பது அதன் கணக்கு. மண் நீரைக் குடிக்க வேண்டும். நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்க வேண்டும். கரையோரக் கரிசலில் இந்த இரண்டும் இல்லை.

கரிசல் மண் நனைந்தால் உப்பும். உப்பிய களி நீரை உள்ளே விடாது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் இறங்கும் கழிவுநீர் வடிகட்டப்படாமல் நேரே கீழே போய்விடும். உப்பியும் சுருங்கியும் மண் அசைந்துகொண்டே இருப்பதால் தொட்டிச் சுவரும் குழாய் இணைப்பும் விரிசல் காணும். கண்மாய் நிறைந்த மாதங்களில் கரையோர நிலத்தடி நீர் மேலேறி வரும். அப்போது உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது, எதிர்த்துப் பொங்கும். அந்த வேளையில் வீட்டுக்காரருக்கு இரண்டு வழிதான் உண்டு. லாரியைக் கூப்பிட வேண்டும், அல்லது இரவில் வாறுகாலில் திறந்துவிட வேண்டும்.

லாரி எடுத்துப் போகும் கழிவு எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. சுத்திகரிப்பு நிலையம் தூரத்தில் இருந்தால் டீசல் செலவு கட்டுபடியாகாது. ஓடையும் ஒதுக்குப்புறமும் பக்கத்தில் இருக்கும். தமிழ்நாடு அரசு 2014-லேயே கசடுக் கழிவு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்தது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் மாநிலத்தின் முதல் மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. திருச்சியில் லாரிக் கழிவை நகரத்தின் கழிவுநீரேற்று நிலையங்களில் இறக்கிப் பாதாளச் சாக்கடை வழியே சுத்திகரிப்புக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. குழாய் வரும் வரைக்கும், குழாயே வர முடியாத சிற்றூர்களுக்கும் இது நல்ல வழி. நெருக்கமாக வீடு கட்டிய நீர்க்கரைக் குடியிருப்புக்கு இதையே நிரந்தர வழியாக்க ஒப்ப மாட்டோம்.

யாழ்ப்பாணத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றை நம்பியே வாழ்கிறார்கள். அங்கே நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை. மலக்குழியும் கிணறும் அருகருகே நெருங்கியபோது கிணற்று நீரில் நைட்ரேட்டும் மலக்கிருமியும் ஏறின. மண் வேறு, பாறை வேறு. பாடம் ஒன்றே: நிலம் தாங்காத இடத்தில் குழியைத் தோண்டினால் மலம் குடிநீருக்கே வந்து சேரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொட்டி அடைத்துக்கொண்டால் அதில் இறங்கச் சொல்லி யாரைக் கூப்பிடுகிறார்கள்? இந்த மண்ணில் அந்த வேலை சாதியின் பேரால் சிலர் தலையில் கட்டப்பட்டது. அருந்ததியர் குடும்பங்கள் அதற்குத் தங்கள் உயிரை விலையாகக் கொடுத்திருக்கின்றன. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது என்பதற்குப் பொருள், சாவு நிற்கவில்லை என்பதே. ஒழுங்காக வடிவமைத்து எந்திரத்தால் பராமரிக்கும் பாதாளச் சாக்கடை ஒரு சமூகநீதிக் கோரிக்கை. எங்கள் இயக்கத்தில் அது பின்வரிசைக் கோரிக்கையாக ஒருபோதும் இருக்காது.

4. குழாய் ஏன் வருவதில்லை

காரணங்களை ஒளிக்காமல் பேசினால்தான் தீர்வு கிடைக்கும்.

முதல் காரணம் நிலத்தின் வாட்டம். கழிவுநீர் சரிவில் ஓடுவது. 150 மில்லிமீட்டர் குழாயில் கசடு தங்காமல் ஓட வேண்டுமானால் ஏறக்குறைய 170 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் வேண்டும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் போனால் குழாய் 6 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். நீர்க்கரைக் குடியிருப்பு ஏற்கெனவே தாழ்வில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்தின் குழாய்க்குக் கொண்டுபோக வேண்டுமானால் கழிவுநீரேற்று நிலையம் கட்டி, மோட்டார் வைத்து மேலே ஏற்ற வேண்டும். அதற்கு இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், மின்தடை வந்தால் ஜெனரேட்டர் வேண்டும், இரவு பகலாக ஆள் வேண்டும். இந்தச் செலவைப் பார்த்துத்தான் திட்டம் எல்லையோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம் எல்லைக்கோடு. நகரம் ஒரு நிர்வாகம்; அதை ஒட்டிய ஊராட்சி இன்னொரு நிர்வாகம். மனை ஊராட்சியில் இருக்கிறது. வீட்டுவரி ஊராட்சிக்குப் போகிறது. குழாய் நகராட்சியிடம் இருக்கிறது. "எங்களுக்கு வரி கட்டாதவருக்கு ஏன் குழாய்?" என்று நகரம் கேட்கிறது. "எங்களிடம் அந்த வசதி இல்லையே" என்று ஊராட்சி கையை விரிக்கிறது. கழிவுநீர் எந்த எல்லைக் கல்லையும் பார்ப்பதில்லை. அது இரண்டு ஊருக்கும் பொதுவான கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிவகாசி 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. எல்லைகள் இனியும் நகரும். எல்லை நகரும் வரை ஆறு பொறுத்திருக்காது.

மூன்றாவது காரணம், அனுமதியின் வரிசை. மனைக்கு அனுமதி முதலில், வசதிகள் பிறகு என்ற வழக்கம் ஊறிவிட்டது. அனுமதி இல்லாமலே மனை போட்டு விற்பதும் நடந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்த பிறகே அரசு விழித்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைத்தது. கழிவுநீர்க் குழாய் அந்த அங்கீகாரத்தோடு சேர்ந்து வரவில்லை.

5. குழாய் மட்டும் போதாது

குழாய் கேட்கும் நாங்கள் அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்றும் கேட்கிறோம்.

1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் இலண்டன் நாடாளுமன்றமே திணறியது. அதன் பிறகு ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்தின் கழிவுநீரையெல்லாம் பெருங்குழாய்களில் சேர்த்து, ஆற்றின் கீழ்ப்பகுதியில் பார்க்கிங், கிராஸ்நெஸ் என்ற இடங்களில் கொண்டுபோய்விட்டார். நகரத்தில் காலரா ஒழிந்தது. கழிவு சுத்திகரிக்கப்படவில்லை, இடம் மட்டும் மாறியது. 1878 செப்டம்பரில் அந்தப் பகுதியில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணப் படகு மூழ்கியபோது, 600-க்கும் மேற்பட்டவர்கள் சாக்கடை கலந்த நீரில் விழுந்து மாண்டார்கள். கசடைப் பிரித்தெடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு இலண்டன் அதற்குப் பிறகே வந்தது.

இருக்கன்குடி மேலே உள்ள நகரங்களுக்குக் கீழ்ப்பகுதி. விளாத்திகுளம் எங்களுக்குக் கீழ்ப்பகுதி. எங்கள் வீட்டு மலத்தைக் குழாயில் போட்டு விளாத்திகுளத்துக்கு அனுப்பும் திட்டத்தை நாங்கள் கேட்கவில்லை. யாராவது கொடுக்க வந்தாலும் வாங்கமாட்டோம். விருதுநகரில் பாதாளச் சாக்கடை வந்த பிறகும் கௌசிகா தெளியவில்லை என்பதை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறோம். எல்லா வீட்டிலும் இணைப்பு, இடைவிடாது ஓடும் நீரேற்று நிலையம், முழுத்திறனில் இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது திட்டம். ஒன்று குறைந்தாலும் செலவுதான் மிஞ்சும்.

6. மறுப்புகளுக்கு எங்கள் பதில்

"பணம் இல்லை" என்பது முதல் மறுப்பு. 1980-ல் மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சி வழக்கில் இதே பதில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சாக்கடை கட்டப் பணமில்லை என்று நகராட்சி சொன்னது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அமர்வு அதை ஏற்கவில்லை. நிதி இல்லை என்று சொல்லி மக்களின் அடிப்படைச் சுகாதாரத்தைக் கைவிட ஒரு நகராட்சிக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991-ல் அதே நீதிமன்றம் சொன்னது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே இயற்றப்பட்டது.

பணத்துக்கு வழியும் உண்டு. அந்த வழியைத் தமிழ்நாடே நாட்டுக்குக் காட்டியது. 1996-ல் ஆர்.எஸ்.பாரதி தலைவராக வந்த ஆலந்தூர் நகராட்சியில் அன்று பாதாளச் சாக்கடை கிடையாது. மக்களிடம் போய்ப் பேசினார்கள். குழாய் பூமிக்குள் இறங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின. கடனும் அரசு உதவியும் அதோடு சேர, நகரம் முழுவதற்கும் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வந்தன. நம்பிக்கை வந்தால் சாமானியர்களும் பணம் கட்டுவார்கள் என்பதை ஆலந்தூர் காட்டியது.

"நகரத்து வரிப்பணத்தில் கரைக்காரர்களுக்கு ஏன் குழாய்?" என்பது இரண்டாவது மறுப்பு. மனையை விற்று இலாபம் பார்த்தவர் நீட்டிப்புச் செலவின் பெரும்பங்கைக் கட்டட்டும். வீட்டுக்காரர் வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும் கட்டட்டும். ஏழைக்குத் தவணையும் விலக்கும் இருக்கட்டும். மிச்சத்தை அரசு ஏற்கட்டும். கண்மாய் எல்லோருக்கும் பொதுச்சொத்து.

"குழாய் போனால் கரையில் இன்னும் வீடுகள் பெருகுமே" என்பது மூன்றாவது மறுப்பு. இது நியாயமான அச்சம். ஆகவே எங்கள் கோரிக்கையில் எல்லையும் சேர்ந்தே இருக்கிறது. நீர்ப்பிடிப்பிலும் வரத்துக்காலிலும் மறுகாலிலும் குழாய் போட்டாலும் வீடு கூடாது. பட்டா நிலத்தில், சட்டம் அனுமதிக்கும் தூரத்தில், குழாயின் கொள்ளளவுக்குள் மட்டுமே வீடு. குழாய் கொள்ளாத அளவுக்கு மேல் ஒரு மனைக்கும் அனுமதி இல்லை.

7. எங்கள் கொள்கைகள்

ஒன்று: கழிவுநீரைப் பாதுகாப்பாக வெளியேற்றும் வசதி மனித உரிமை. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீரையும் சுகாதாரத்தையும் மனித உரிமையாக ஏற்றது. அந்த உரிமை நகர எல்லையில் முடியாது.

இரண்டு: குழாய் முதலில், குடியிருப்பு பிறகு.

மூன்று: கழிவை உண்டாக்கும் ஊரே அதைச் சுத்திகரிக்க வேண்டும். கீழே உள்ள ஊரின் தலையில் கட்டக் கூடாது.

நான்கு: நீர்நிலைக்கு அதன் நிலம் முழுவதும் சொந்தம். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் எதிலும் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஐந்து: எந்த மனிதரும் மலக்குழிக்குள் இறங்கக் கூடாது.

ஆறு: புதுக் குடியிருப்புக்குக் குழாய் போகும் வழியில் உள்ள பழைய காலனிகளையும் சேரிகளையும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளையும் தாண்டிக் குழாய் போகக் கூடாது. முதல் இணைப்பு அவர்களுக்கு.

ஏழு: சுத்திகரித்த நீர் செல்வம். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் மூன்றாம் நிலை வரை சுத்திகரித்த நீர் தொழிற்சாலைகளுக்கு விற்பனையாகிறது. மானம் பார்த்த இந்தப் பூமியில் அந்த நீருக்குத் தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

8. எங்கள் கோரிக்கைகள்

நகர் ஊரமைப்புத் துறைக்கு: நீர்நிலையை ஒட்டிய எந்த மனைப்பிரிவுக்கும், பாதாளச் சாக்கடை இணைப்புக்கான உறுதிச் சான்றும், கழிவுநீர் போய்ச்சேரும் இடம் வரை கோடிட்ட வரைபடமும் இல்லாமல் அனுமதி வழங்காதீர்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு: வைப்பாறு, அர்ஜுனா, கௌசிகா மூன்றையும் ஒரே படுகையாகக் கொண்டு கழிவுநீர்த் திட்டம் தீட்டுங்கள். ஊருக்கு ஊர் துண்டு துண்டாகத் திட்டம் போட்டால் ஒரு நகரம் செய்ததை அடுத்த நகரம் கெடுத்துவிடும்.

நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும்: எல்லைப் பகுதிகளுக்குக் கூட்டு ஒப்பந்தம் செய்யுங்கள். குழாய் ஒருவருடையதாக இருக்கலாம். கட்டணம், பராமரிப்பு, பொறுப்பு மூன்றையும் எழுத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு: மேலே உள்ள நான்கு அணைகளின் நீரையும், இருக்கன்குடிக் கூடுதுறையின் நீரையும் மாதந்தோறும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

கோயில் நிர்வாகத்துக்கு: ஆடி, தை, பங்குனிக் கூட்டத்துக்குப் போதுமான கழிப்பறைகளும், அவற்றுக்கென்று ஒரு சுத்திகரிப்பு நிலையமும் கட்டுங்கள். கிடா வெட்டின் கழிவு ஆற்றில் சேராமல் தனியே அகற்றப்பட வேண்டும். பக்தர் கூட்டம் ஒரு நாளில் எழும்பி நிற்கும் ஒரு நகரம். நகரத்துக்கு நாங்கள் கேட்பதையெல்லாம் கோயிலுக்கும் கேட்கிறோம்.

மனை விற்பவர்களுக்கு: குழாய் வராத மனையை "எல்லா வசதிகளும் உண்டு" என்று விளம்பரம் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பெயர் சொல்லிக் கேட்போம், நுகர்வோர் ஆணையத்திலும் கேட்போம்.

9. எங்கள் கடமைகள்

பிறரிடம் கேட்பவர்கள் முதலில் தாங்கள் செய்ய வேண்டும். குழாய் வரும் தெருவில் முதல் வாரத்திலேயே இணைப்பு வாங்குவோம், வைப்புத்தொகையைக் கட்டுவோம், இயலாத வீட்டுக்கு ஊர் சேர்ந்து கட்டுவோம். சாக்கடைக் குழாயில் துணியும் நெகிழியும் ஆலைக் கழிவும் போடமாட்டோம். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கமாட்டோம். நீரேற்று நிலையத்துக்கு இடம் கேட்டால், "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று மறிக்கமாட்டோம். குழாய் வரும் வரை செப்டிக் டேங்கை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது உரிமம் பெற்ற லாரியைக் கொண்டே எடுப்போம். அது எங்கே கொட்டுகிறது என்பதைப் பார்த்துச் சீட்டு வாங்குவோம். எந்த மனிதரையும் உள்ளே இறங்கச் சொல்லமாட்டோம். இறங்கச் சொல்பவரைக் காவல்துறையில் புகார் செய்வோம்.

எங்கள் வழி அறவழி. மனு, தகவல் உரிமைச் சட்டம், கிராமசபை, நீதிமன்றம், பொதுக்கூட்டம், ஊர்வலம் ஆகியவை எங்கள் கருவிகள். கட்சி, சாதி, மதம் பார்த்து யாரையும் சேர்க்கவும் மாட்டோம், விலக்கவும் மாட்டோம். எங்கள் நிதிக்கணக்கை ஊரறியப் படிப்போம்.

10. உடனடி வேலை

ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில், ஆற்றங்கரையிலும் அணைக்கரையிலும் உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரே தீர்மானத்தை முன்வைப்போம். "எங்கள் ஊராட்சி எல்லைக்குள் நீர்நிலையை ஒட்டி எந்தப் புது மனைப்பிரிவும் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் அனுமதிக்கப்படக் கூடாது, ஏற்கெனவே உள்ள நீர்க்கரைக் குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள நகரத்தின் குழாயை நீட்டிக்க அரசு உடனே திட்டம் தீட்ட வேண்டும்." தீர்மானத்தின் நகல் மாவட்ட ஆட்சியருக்கும், குடிநீர் வடிகால் வாரியத்துக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அன்றே போகும்.

அதே நாளில் வாறுகால் கணக்கெடுப்பையும் தொடங்குவோம். எந்தத் தெருவின் கழிவுநீர் எந்த ஓடையில் விழுகிறது, அந்த ஓடை எந்தக் கண்மாயில் விழுகிறது என்று வெம்பக்கோட்டையிலிருந்து இருக்கன்குடி வரை, குல்லூர்சந்தையிலிருந்து கோல்வார்பட்டி வரை நடந்து பார்த்து வரைபடத்தில் குறிப்போம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் இதில் சேரட்டும். தங்கள் ஊரின் தண்ணீர் போகும் வழியை அவர்கள் பாடமாகவே அறியட்டும். அந்த வரைபடம் முடிந்த பிறகு, கழிவுநீர் எங்கே போகிறது என்று தெரியாது என எந்த அலுவலகமும் சொல்ல முடியாது.

சாத்தூர் வட்டாரத்து மக்களே, விருதுநகர், சிவகாசி, வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டைச் சொந்தங்களே, விளாத்திகுளத்து உறவுகளே! இது ஒரு குடியிருப்பின் பிரச்சினை அன்று. ஒரே ஆற்றில் கை நனைக்கும் எல்லோருடைய பிரச்சினை. உங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்தால் ஒரு கிளை தொடங்கலாம். உங்கள் ஊர்க் கிராமசபையில் இந்தத் தீர்மானத்தை வாசிக்க ஒருவர் எழுந்து நின்றால் போதும். அவருக்குப் பக்கத்தில் நிற்க நாங்கள் வருவோம்.

குழாய் வந்த பிறகே குடியிருப்பு. சுத்திகரித்த பிறகே ஆறு. இந்த இரண்டும் எங்கள் மாவட்டத்தில் எழுதப்பட்ட விதியாகவும் நடைமுறையாகவும் ஆகும்வரை இந்த இயக்கம் ஓயாது என்று உறுதி கூறுகிறோம்.